எம்எக்ஸ்-5 காரின் என்ஜினை வீட்டில் இறக்குவது: கியர்பாக்ஸோடு சேர்த்தா, தனியாகவா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1.6 லிட்டர் என்ஜின் கொண்ட முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் (பிஸ்டன் உள்ளே உருவாக்கும் அழுத்தம்) மற்ற மூன்றையும்விட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் ஊற்றி மறுபடியும் அளந்தபோது அளவு உயர்ந்ததால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றே கருதுகிறேன். என்ஜினை நானே இறக்கிப் பிரிக்க விரும்புகிறேன். ஹாய்ஸ்ட் (என்ஜினைத் தூக்கும் சிறு கிரேன்), காரைத் தாங்கி நிறுத்த நான்கு ஜாக் ஸ்டாண்டுகள், சமதளமான சிமென்ட் தரை ஆகியவை இருக்கின்றன. கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் தூக்கலாமா, அல்லது இரண்டையும் ஒன்றாக எடுப்பதுதான் சரியா? இதற்கு முன் கிளட்ச் மாற்றியிருக்கிறேன், என்ஜினை இறக்கியதில்லை.

மறுமொழி 1

இந்தக் காரைப் பொறுத்தவரை ஒன்றாக எடுப்பதே நல்லது என்பது, இரண்டு முறைகளிலும் செய்து பார்த்தபின் நான் வந்த முடிவு. பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸ் என்ஜினோடு இணையும் மணி வடிவக் கூடு) மேல் போல்ட்டுகள் என்ஜினுக்கும் என்ஜின் அறையின் பின்சுவருக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கில் இருக்கின்றன. கார் மேலே நிற்கும்போது அவற்றை எட்டுவதற்கே பாதி நாள் போய்விடும். பொருத்தும்போது இன்னும் கடினம்: சங்கிலியில் தொங்கி ஆடும் என்ஜினை, கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் தட்டின் பற்களுக்குள் நேராக நுழையும்படி நகர்த்த வேண்டும். அங்கே பொறுமை இழந்து போல்ட்டுகளை முடுக்கி இழுத்தால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

ஆனால் ஒன்றாக எடுப்பதென்றால் பவர் பிளாண்ட் ஃபிரேமைப் புரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். இந்தக் காரில் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கிடையாது. கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் வரை நீளும் அலுமினியச் சட்டம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே அந்தச் சட்டத்தின் போல்ட்டுகளில் கை வைப்பதற்கு முன்பே கியர்பாக்ஸின் கீழே ஒரு ஜாக்கை முட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வால்பகுதி சட்டென்று கீழே சாயும். டிஃபரன்ஷியல் பக்கத்தில் போல்ட் ஊடாகச் செல்லும் உலோகக் குழல் துருவினால் இறுகியிருக்கும். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெயில் ஊறவையுங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்து அலுமினியத்தைக் காயப்படுத்த வேண்டாம்.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் செல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை உருவியதும் கியர் ஆயில் வழியும். முன்பே வடித்துவிடுவது அல்லது அந்தத் துளையை அடைத்துவிடுவது உங்கள் தரைக்கு நல்லது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். தொடங்கும் வரிசையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். எரிபொருள் பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயைக் கழற்றிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் குழாயிலுள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதன்பின் டிக்கியிலுள்ள பேட்டரியின் இணைப்பை எடுங்கள். கூலன்ட்டை மூடிய பாத்திரத்தில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய், பூனைகள் நக்கிவிடும், அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

ஏசி கம்ப்ரெஸரையும் பவர் ஸ்டியரிங் பம்பையும் குழாய்களைப் பிரிக்காமலே கழற்றி, ஓரமாகக் கம்பியால் கட்டிவிடலாம். கிளட்ச்சை இயக்கும் கீழ் சிலிண்டரும் அப்படித்தான், இரண்டு போல்ட்டுகளோடு முடிந்துவிடும். ஹோஸைத் திறக்காவிட்டால் காற்று நீக்கும் வேலையும் மிச்சம். ஒவ்வொரு வயர் இணைப்பையும் படமெடுத்துச் சீட்டு ஒட்டுங்கள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டின் கோணத்தை அளக்கும் சென்சார் என்ஜினின் பின்முனையில், சுவரை ஒட்டி இருப்பதால், தூக்கும்போது முதலில் இடிபடுவது அதுதான். அதை முன்கூட்டியே கழற்றிவிடலாம். பழைய நிலையைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால் பின்னர் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) புதிதாக வைக்க வேண்டிவரும்.

வினவியவர்

மிக்க நன்றி. ஹாய்ஸ்ட் இரண்டு டன் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. அது போதுமல்லவா?

மறுமொழி 1

ஹாய்ஸ்டின் கையை முழுவதும் உள்ளே இழுத்திருக்கும்போதுதான் அந்த இரண்டு டன். நீட்ட நீட்டத் தாங்கும் திறன் வெகுவாகக் குறையும். கையிலுள்ள ஒவ்வொரு துளையருகிலும் அதற்கான எடை பொறிக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்தே துளையைத் தேர்ந்தெடுங்கள். கியர்பாக்ஸோடு வருவது நீளமான சுமை என்பதால் சாய்வை மாற்றக்கூடிய லெவலர் கட்டாயம் வேண்டும். வால்பகுதியை நன்றாகத் தாழ்த்தி, ஒருவர் ஹாய்ஸ்டை இயக்க, மற்றொருவர் கியர்பாக்ஸை வழிநடத்த வேண்டும். தொங்கும் சுமையின் கீழே எந்த நேரத்திலும் கையோ தலையோ இருக்கக் கூடாது.

இன்னொன்று. இந்தக் காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பகிரப்பட்டிருப்பதால், என்ஜின் வெளியேறியதும் பாரம் பின்பக்கம் சாய்ந்துவிடும். பின் ஸ்டாண்டுகளை எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால், வலுவான இடத்தில் வையுங்கள். என்ஜின் வெளியே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள்; அந்தச் சிறிய சீல் ஒன்றுக்காகக் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கியவன் நான்.