அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கி மாட்ட வழி சொல்லுங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில், குவா நகரருகே நங்கூரமிட்டிருக்கிறோம். 34 அடி பாய்மரப் படகு. டிசம்பரில் புக்கெட் கிளம்புமுன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

கரைக்குப் போய்வரும் 3.1 மீட்டர் ரப்பர் டிங்கியை மெயின் ஹாலியர்டில் (பெரிய பாயை ஏற்றும் கயிறு) கட்டி, வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) சுற்றி முன் டெக்கில் ஏற்றிவிடுகிறோம். அதில் சிக்கல் இல்லை. டிங்கியின் பின்புறம் மாட்டும் யமஹா 15 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் மோட்டார்தான் பெரும்பாடு, 36 கிலோ. பூமில் (பெரிய பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பம்) கப்பி போட்டால் பாரம் சுலபமாக ஏறுகிறது. ஆனால் ஃபெர்ரி அலை வந்ததும் மோட்டார் ஊசலாடி, புரொப்பெல்லர் படகின் பக்கவாட்டில் இடித்துப் பெயிண்டைப் பெயர்க்கிறது. பூமை இருபக்கமும் கயிறு போட்டு இறுக்கியும் அடங்கவில்லை. கையால் தூக்க அப்பாவின் முதுகு தாங்காது.

பின்பக்கத் தடுப்புக் கம்பி 25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய். சுழலும் சிறு கிரேனை அதிலேயே பொருத்தினால் தாங்குமா, டெக்கிலிருந்து தனிக் கால் கொடுக்க வேண்டுமா?