நட்சத்திரக் கட்டம் 12½ வராம 12 தான் வருது, முனையும் மொட்டை

பெருந்துறைக்காரி:
ஏனுங்க, க்வில்ட், அதானுங்க துண்டுத் துணிய ஒட்டுப்போட்டுத் தைக்கற போர்வை, தைக்கிறவங்க ஆராச்சும் இருந்தா பாத்துச் சொல்லுங்க. அமெரிக்கக்காரங்க பழைய போர்வைல போடற ‘சாடூத் ஸ்டார்’ கட்டம் தச்சுப் பாக்கறேன். பின்னணிக்கு ஈரோட்டுச் சந்தைல எடுத்த வெள்ளைக் காடா, நட்சத்திரத்துக்கு மெரூன் பாப்ளின். நடுச் சதுரம் 6½ இஞ்ச், மூலைக்கு நாலு 3½ சதுரம், பக்கத்துக்கு நாலு 3½ × 6½ வெள்ளைப் பட்டை. பட்டையோட ரெண்டு ஓரத்துலயும் 3½ மெரூன் சதுரத்த வெச்சு, கோணலாத் தச்சு, மடிச்சு, மிச்சத்த வெட்டியாச்சு. அதுவரைக்கும் அளவு சுத்தம். ஒண்ணாச் சேத்தா அரை இஞ்ச் காணோம். நடுச் சதுரத்த முட்டற வெள்ளை முக்கோணத்துக்கு நாலு பக்கமும் முனையே இல்ல. வெட்டுனதெல்லாம் இரும்பு ஸ்கேல் வெச்சுத்தான்.

காங்கேயம் மாமா:
காடாவுல கஞ்சி இருக்குமே, அலசுனீங்களா? சுருங்கியிருக்கும்.

பெருந்துறைக்காரி:
ரெண்டு தண்ணி அலசி, இஸ்திரி போட்டுத்தானுங்க மாமா வெட்டுனேன்.

பல்லடம் டெய்லர்:
சுருக்கமெல்லாம் இல்லீங்க அம்மிணி. ஒரு வரிசைல 3½, 6½, 3½, மொத்தம் 13½. ரெண்டு தையல், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கத் துணி உள்ள போகுது. கால் இஞ்ச் விட்டா ஒண்ணு போயி 12½ நிக்கும். உங்களுக்கு 12 நிக்குதுன்னா ஒன்றரை இஞ்ச் உள்ள போயிருக்குது. அதாவது காலுக்குப் பதிலா அரை இஞ்சுல முக்கால்வாசி, ⅜, புடிச்சுத் தைக்கறீங்க. முக்கோண முனை ஓரத்துலருந்து கால் இஞ்சுல இருக்குது, தையல் அதையும் தாண்டி ஓடுனா முனை எப்படித் தெரியும்?

மெஷின் பாதத்தோட ஓரத்த நம்பித் தச்சிருப்பீங்க. எல்லா மெஷின்லயும் அது கால் இஞ்ச் இருக்காது. ஜாக்கெட் தைக்கறவங்களுக்கு இது பெரிசாத் தெரியாது, ஒரு நூல் முன்னப்பின்ன ஆனா பக்கத்துல புடிச்சுக்கலாம். இதுல புடிக்க எடமே கெடையாது. ஒன்றரை இஞ்ச் அகலத்துல மூணு துண்டு வெட்டி, பக்கம் பக்கமாத் தச்சு, தேச்சுட்டு நடுத்துண்ட அளந்து பாருங்க. சரியா ஒரு இஞ்ச் இருக்கோணும்.

திருப்பூர் அக்கா:
எதுக்கு கண்ணு இந்தக் கணக்கு? எங்கூர்ல பனியன் கட்பீஸ் கிலோக் கணக்குல கெடைக்குது, இழுத்தாச் சரியாப் போயிரும்.

பல்லடம் டெய்லர்:
அக்கா, இழுபடற துணிதான் இதுக்கு ஆகவே ஆகாது! பின்னல் துணில கோணலாத் தச்சா அல அலயா நிக்கும். பாப்ளின்லயே கோணல் ஓரத்த இஸ்திரிப் பொட்டியால இழுத்துத் தேய்க்காம, அமுக்கி அமுக்கி எடுக்கோணும்.

பெருந்துறைக்காரி:
நடுத்துண்டு முக்கால் இஞ்ச் தானுங்க இருக்குது! இப்ப எல்லாத்தையும் மறுபடி வெட்டோணுங்களா?

பல்லடம் டெய்லர்:
வேண்டாம் அம்மிணி. பட்டைக 3½ × 6½ அளவுலயே இருக்குதல்லொ, அதுகளத் தொடாதீங்க. சேத்த தையல மட்டும் பிரிங்க. ஒரு காயிதத்துல ஓரத்துலருந்து கால் இஞ்சுல கோடு போட்டு, சக்கரத்தக் கையில சுத்தி ஊசிய அந்தக் கோட்டுல எறக்குங்க. காயித ஓரம் எங்க நிக்குதோ அங்க தகட்டு மேல பிளாஸ்திரிய ரெண்டு அடுக்கு ஒட்டிருங்க. துணி அத ஒட்டியே ஓடோணும். கோட்டுக்கு ஒரு நூலிழை ஓரத்துப் பக்கமாத் தச்சா இன்னும் நல்லது, மடிப்புல கொஞ்சம் துணி போயிரும்.

சேக்கறப்ப பட்டை மேல இருக்கட்டும், சதுரம் அடியில. பட்டையோட பின்பக்கம் ரெண்டு தையலும் குறுக்க வெட்டிக்கற எடம் தெரியும். ஊசி அந்தப் புள்ளியில, இல்லாட்டி ஒரு நூலிழை ஓரத்துப் பக்கம் எறங்கோணும். உள்ள எறங்குனா மறுபடி மொட்டைதான்.

பெருந்துறைக்காரி:
12½ வந்துருச்சுங்ணா! மூணு முனை கூரா நிக்குது, நாலாவதப் பிரிச்சுட்டிருக்கறேன். முழுப் போர்வையும் தச்சப்பறம் மெரூன் சாயம் வெள்ளைல எறங்குமுங்களா?

திருப்பூர் அக்கா:
இதுக்கு நாஞ் சொல்றேன். மிச்சத் துண்டுல ஈர வெள்ளைத் துணிய அழுத்தித் தேச்சுப் பாரு கண்ணு. செவப்பு ஒட்டுச்சுன்னா அடுத்த கட்டத்துக்கு வேற மெரூன் எடுத்துரு.