எல்ஜின் பாக்கெட் வாட்ச்: பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்திருக்கிறது, லேத் இல்லாமல் மாற்ற முடியுமா?

சாமணம்புதுசு:
வணக்கம். சிகாகோ பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றார்கள், அங்கே 35 டாலருக்கு எல்ஜின் பாக்கெட் வாட்ச் ஒன்று கிடைத்தது. 16 சைஸ், 7 கல், தொடர் எண்ணை வைத்துப் பார்த்தால் 1908 வாக்கில் செய்தது. எல்ஜின் ஊர் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான், தொழிற்சாலைதான் இல்லை, 1960களிலேயே மூடி இடித்துவிட்டார்கள்.

சாவி கொடுத்தால் ஓடவில்லை. சாய்த்துப் பிடித்தால் நாலைந்து டிக், அப்புறம் நின்றுவிடும், பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) தள்ளாடுவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வீலை மேலே பிடிக்கிற பேலன்ஸ் பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தால், ஸ்டாஃபின் (வீலின் அச்சு) மேல் பிவட், அதாவது மெல்லிய முனை, இல்லவே இல்லை, மொட்டையாக இருக்கிறது. கீழ்ப் பிவட் நன்றாக இருக்கிறது.

ஸ்டாஃப் வீலில் ரிவெட் அடித்த வகை. என்னிடம் பழைய ஸ்டேக்கிங் செட் (பஞ்ச் வைத்துத் தட்டுகிற கருவி) ஒன்று இருக்கிறது, லேத் கிடையாது. பஞ்சை வைத்துத் தட்டியே பழைய ஸ்டாஃபை வெளியே தள்ளிவிடலாமா? சிலர் தள்ளலாம் என்கிறார்கள், சிலர் கொலைக்குற்றம் மாதிரி பேசுகிறார்கள்.

டிக்டிக்87:
எதற்கு இந்தப் பாடு? அதே கிரேடில் (மாடலில்) ஓடாத மூவ்மென்ட் (வாட்சின் உள் இயந்திரம்) ஒன்று வாங்குங்கள், 20 டாலருக்குக் கிடைக்கும். பேலன்ஸ் கம்ப்ளீட்டை (வீல், ஸ்டாஃப், ஹேர் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்தது) அப்படியே எடுத்துப் போடுங்கள். ஆனால் வீலை மட்டும் மாற்றாதீர்கள், வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் தொழிற்சாலையில் ஜோடி சேர்த்தவை, இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். வீலை மட்டும் மாற்றினால் நாளுக்குப் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஓடும், வேகத்தைத் திருத்துகிற எந்த ரெகுலேட்டரும் அதைப் பிடிக்காது.

மேலமாசி:
தம்பி, மதுரையில் முப்பது வருஷமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டித் தள்ளியும் பார்த்திருக்கிறேன், அதனால் கெட்ட வீலையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாஃபின் தோள் ரோலர் (ஸ்டாஃபின் கீழ்ப்பக்கம் மாட்டுகிற சிறு தட்டு) பக்கம் இருக்கிறது. வீலின் கை அந்தத் தோள் மேல் உட்கார்ந்திருக்கும், மேலே காலட் (ஹேர் ஸ்பிரிங்கைப் பிடிக்கிற வளையம்) பக்கத்து விளிம்பை விரித்து ரிவெட் அடித்திருப்பார்கள். காலட் பக்கமிருந்து தட்டினால், விரிந்து நிற்கிற அந்த ரிவெட்டு கையின் துளை வழியாகத்தான் கீழே வந்தாக வேண்டும். துளை பெரிதாகும், இல்லையென்றால் கை வளையும். துளை பெரிதானால் புது ஸ்டாஃப் நடுவில் உட்காராது. கையைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிற கருவியும் உண்டு, நல்ல கையில் அது வேலை செய்யும். எனக்கு அதிலும் நம்பிக்கை பாதிதான்.

லேத்தில் ரோலர் பக்கத்துத் தோளைக் கடைந்து எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பிடிப்பு போய்விடும், கீழேயிருந்து லேசாகத் தட்டினால் மீதி ஸ்டாஃப் ரிவெட்டோடு மேல்பக்கமாகக் கழன்று வந்துவிடும், துளைக்கு ஒரு கீறல் கூடப் படாது. உனக்கு லேத் இல்லை, சரி, இருப்பவரிடம் அந்த ஒரு வேலையை மட்டும் கொடு. பத்து நிமிஷ வேலை. மற்றதை நீயே செய்யலாம்.

சாமணம்புதுசு:
அண்ணே, ரொம்ப நன்றி. இங்கே என்.ஏ.டபிள்யூ.சி.சி. என்கிற கடிகாரச் சேகரிப்பாளர் சங்கத்துக்குக் கிளைகள் உண்டு, அங்கே விசாரித்துப் பார்க்கிறேன். டிக்டிக், நீங்கள் சொல்வதுதான் சுலபம், தெரியும். ஆனால் கற்றுக்கொள்ளத்தான் இதை வாங்கினேன். ஸ்டாஃப் ஆர்டர் செய்ய எதை எதை அளக்க வேண்டும்?

ஐகிளாஸ்:
கிரேடு எண்ணை வைத்துத் தேடினால் ஸ்டாஃப் எண் கிடைக்கும், அமெரிக்க வாட்சில் அது ஒரு சௌகரியம். ஆனாலும் பழையதை அளக்காமல் வாங்காதீர்கள். மொத்த நீளம், வீல் உட்காரும் இடம், ரோலர் உட்காரும் இடம், காலட் உட்காரும் இடம், பிவட் தடிமன். பிவட் பெரும்பாலும் 0.11 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கும். ஒரே ஸ்டாஃப் பல பிவட் அளவுகளில் வரும். உங்களுக்கு மேல் பிவட் இல்லையே, கீழ்ப் பிவட்டை அளந்து, பிவட் நுழைகிற துளைக்கல்லிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பிவட் சும்மா உடையாது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். இன்காபிளாக் மாதிரி அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வந்ததே 1930களில்தான், அதற்கு முந்தைய வாட்சில் விழுந்த அடி நேராகப் பிவட்டிலும் கல்லிலும் இறங்கும். ஸ்டாஃப் வருவதற்குள் மேல் துளைக்கல்லையும், பிவட் முனையைத் தாங்குகிற கேப் கல்லையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

மேலமாசி:
கழற்றும்போது முதல் வேலை, சாவியை முழுக்க இறக்கு. அப்புறம் ஹேர் ஸ்பிரிங்கைக் கழற்றும் முன் ஸ்டட் (ஹேர் ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடிக்கிற முளை) வீலின் கைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று போட்டோ எடுத்து வை. திரும்பப் போடும்போது காலட்டை அதே இடத்தில் வைத்தால்தான் பீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் டிக் ஒரு நீளம் டாக் ஒரு நீளம் என்று நொண்டும். ரோலரையும் அப்படித்தான், ரோலர் கல் கைக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்.

ரிவெட் அடிக்கும்போது முதலில் குவிந்த முனைப் பஞ்ச், விளிம்பு விரிந்ததும் தட்டை முனைப் பஞ்ச். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காதே. ரெண்டு தட்டு, வீலைக் கொஞ்சம் திருப்பு, ரெண்டு தட்டு. கையில் சுழற்றினால் வீலும் ஸ்டாஃபும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், அவ்வளவு போதும்.

சாமணம்புதுசு (மூன்று வாரம் கழித்து):
ஓடுகிறது!! சங்கத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் லேத்தில் தோளைக் கடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை, காபி மட்டும். ரிவெட் நானே அடித்தேன், கை நடுங்கியது. காலிப்பரில் போட்டு வீலை நேராக்கி, பாய்ஸிங் கருவியில் கனமான பக்கம் எதுவும் கீழே வந்து நிற்கிறதா என்று பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ பக்கம் மெதுவாக இறங்கியது, அதன் அடியில் யாரோ பண்டைய காலத்தில் வாஷர் வைத்திருந்தார்கள், எடுத்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். போனில் ஆப் வைத்துப் பார்த்தேன். டயல் கீழே இருந்தால் ஆம்ப்ளிட்யூட் (வீல் ஒரு பக்கம் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்பது) 255 டிகிரி. டயல் மேலே இருந்தால் 190, சில சமயம் 180. ஆப்பில் கணக்குக்காகக் கொடுத்த லிஃப்ட் ஆங்கிள் சரியான எண்தானா என்பது வேறு, ஒரே வாட்சில் இரண்டு நிலைக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது அல்லவா?

டிக்டிக்87:
டயல் மேலே இருந்தால் எடை டயல் பக்கத்துக் கீழ்ப் பிவட்டில் விழும். கீழ்க் கேப் கல்லில் அழுக்கு இருக்கும், கழுவிவிட்டுப் பாருங்கள்.

மேலமாசி:
தம்பி டிக்டிக், தலைகீழாகப் பிடித்துவிட்டாய். டயல் மேலே என்றால் வாட்ச் மல்லாந்து கிடக்கிறது, பேலன்ஸ் பிரிட்ஜ் அடியில். அப்போது எடை நிற்பது பிரிட்ஜ் பக்கத்துக் கல்லில். நாங்கள் மேசையில் வேலை செய்வது டயலைக் கீழே வைத்து, அதனால்தான் பிரிட்ஜ் பக்கத்தை மேல் என்கிறோம். இந்தக் குழப்பத்தில் ஒரு நாள் முழுக்க நல்ல கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவனை எனக்குத் தெரியும். நான்தான்.

அதுவும் பார், பிவட் உடைந்ததும் அதே பக்கம். மொட்டை ஸ்டாஃப் அந்தக் கல்லில் உராய்ந்திருக்கும். கேப் கல்லில் குழி இருக்கிறதா என்று பார். குழி இருந்தால் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் விட்டாலும் ஆம்ப்ளிட்யூட் ஏறாது.

டிக்டிக்87:
ஆமாம், தலைகீழாகத்தான் யோசித்திருக்கிறேன். மன்னிக்கவும்.

சாமணம்புதுசு:
பார்த்தேன் அண்ணே. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கேப் கல்லின் நடுவில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி. ஐகிளாஸ் முன்னமே சொன்னார், நான் துளைக்கல்லை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஐகிளாஸ்:
கல்லைத் திருப்பிப் போடுகிற வித்தை சிலர் செய்வார்கள், ஆனால் எல்ஜினில் கல் செட்டிங்கில் இறுக்கிப் பொதித்தது, அது அவ்வளவு சுலபமில்லை. இப்போது டிக்டிக் சொன்ன ஓடாத மூவ்மென்டை டோனராக (உதிரி பாகம் எடுக்க) வாங்குங்கள், கேப் கல்லைச் செட்டிங்கோடு எடுத்துப் போடுங்கள். போட்டதும் எண்ட்ஷேக் (ஸ்டாஃபுக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளி) பாருங்கள், சாமணத்தால் வீலை மேலும் கீழும் தொட்டால் மயிரளவு அசைய வேண்டும். அசையாவிட்டால் பிவட் இறுகுகிறது, கடகடவென்று ஆடினால் செட்டிங் சரியாக அமரவில்லை.

சாமணம்புதுசு (இன்று):
டோனர் 18 டாலர். கல் மாற்றிவிட்டேன். டயல் மேலே 248, கீழே 255. இரண்டு நாளாகச் சட்டைப்பையில் இருக்கிறது, நாளுக்கு 40 விநாடி பின்தங்குகிறது. வீலின் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளவா?

மேலமாசி:
ஸ்க்ரூவைத் தொடாதே! புது ஸ்டாஃப், புது எண்ணெய், ஒரு வாரம் ஓடட்டும். 40 விநாடிக்கு ரெகுலேட்டர் போதும், வேகம் பக்கம் ஒரு இழை தள்ளு.

சாமணம்புதுசு:
சரி அண்ணே. இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, கேப் கல் செட்டிங்கைப் பிடிக்கிற பொடி ஸ்க்ரூ ஒன்று கார்ப்பெட்டில் விழுந்து இன்னும் கிடைக்கவில்லை. டோனரிலிருந்து எடுத்துத்தான் போட்டிருக்கிறேன்.

மேலமாசி:
மேசைக்கு முன்னால் ஏப்ரன் கட்டு. எல்லோரும் ஒருமுறை தொலைத்துவிட்டுத்தான் கட்டுகிறோம்.