ஷெட்ல நிக்கிற காருக்குள்ள பூசணம், அவசரமா உதவி வேணும்

குளச்சல்காரன்:
மஸ்கட்ல இருக்கேன். கார் ஊர்ல ஷெட்ல நிக்குது. அப்பா நேத்து கவரை எடுத்துப் பாத்துட்டு போட்டோ அனுப்பினாரு. ஸ்டீயரிங், சீட் பெல்ட், சீட்டோட ஓரம் எல்லாம் வெள்ளையா பூத்துப்போய்க் கிடக்கு. வாடை தாங்க முடியலையாம். ரிமோட்டும் வேலை செய்யல, சாவி போட்டுத்தான் திறந்தாரு. ஆவணில தங்கச்சி கல்யாணம், வண்டி கண்டிப்பா வேணும். அப்பாகிட்ட என்ன செய்யச் சொல்லட்டும்?

டிரைவர்தம்பி:
என்ன வண்டி அண்ணே, பெட்ரோலா டீசலா? எப்போ இருந்து நிக்குது? ஷெட்டுக்குத் தரை என்ன, கூரை என்ன? பேட்டரி ஒயரைக் கழட்டி வச்சீங்களா?

கோடைமழை:
சிலிக்கா ஜெல் பாக்கெட் பத்து வாங்கி சீட்டுக்கு அடியில போடச் சொல்லுங்க. என் பீரோவுல அதான் போட்டிருக்கேன், ஒரு வாடை கிடையாது.

ரெஞ்ச்மாமா:
வருஷா வருஷம் மழை தொடங்கினா இதே கேள்வி வருது, யாரும் பழைய பதிலைப் படிக்கிறதில்ல. குளச்சல் இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு. காத்துல ஈரப்பதம் 70% தாண்டி நின்னாலே பூசணத்துக்குப் போதும். பீரோவும் காரும் ஒண்ணா? அந்தச் சின்னப் பாக்கெட் ரெண்டு மூணு நாள்ல ஈரத்தைக் குடிச்சு முடிச்சிரும். இதுக்கு ஒரே வழி, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுறது. வண்டி வாங்கத் தெரிஞ்சா வைக்கவும் தெரியணும்.

குளச்சல்காரன்:
பெட்ரோல், 2017 மாடல். பிப்ரவரில இருந்து நிக்குது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மண் தரை. ரெயின்கோட்டு மாதிரி துணில கவர் போட்டிருக்கு. பேட்டரி ஒயர் கழட்டல. அப்பாவுக்கு கார் ஓட்டத் தெரியாது.

தென்காத்து:
மண் தரையும் மூச்சு விடாத கவரும் சேர்ந்ததுதான் பாதிக் காரணம். தரையில இருந்து ஏறுற ஈரம் கவருக்குள்ளேயே நின்னுரும். தண்ணி போகாத கவர் மழையில நிக்கிற வண்டிக்கு. ஷெட்டுக்குள்ள பருத்தித் துணி போதும். தரைக்குத் தடிமனான பாலிதீன் ஷீட் விரிச்சு அது மேல வண்டியை நிறுத்துங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை. முன்சீட்டுல கால் வைக்கிற இடத்துல மேட்டை எடுத்துட்டு, கார்ப்பெட்டைக் கட்டை விரலால நல்லா அழுத்திப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும். தண்ணி ஊறி வந்தா வெறும் காத்து ஈரம் இல்ல, எங்கேயோ ஒழுகுது.

பழையவண்டி:
வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்றது நல்லதுக்கில்ல மாமா. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வரும். சைலன்சர் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணினா அந்தத் தண்ணி உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். ஸ்டார்ட் பண்ண எடுத்த சார்ஜும் பேட்டரிக்குத் திரும்ப ஏறாது. ஓட்டினா அரை மணி நேரம் ஓட்டணும், இல்லன்னா தொடக்கூடாது.

ரெஞ்ச்மாமா:
நான் வண்டி வேலை பாக்க ஆரம்பிச்சப்போ இந்த மாதிரி யாரும் பேசல, வண்டிகளும் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ வர்ற இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பிரச்சினை. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். 2017 வண்டியில அது மாசக்கணக்கா நின்னா டேங்க் போச்சு.

டிரைவர்தம்பி:
சீட்டு பூத்ததுக்கும் பெட்ரோலுக்கும் என்ன மாமா சம்பந்தம்?

பழையவண்டி:
டேங்க் நிரம்பி இருந்தா உள்ள ஈரக்காத்துக்கு இடமே இல்ல. நிறுத்தும்போது ஃபுல் பண்ணிட்டா போதும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்களைத்தான் இ20க்குத் தோதா செஞ்சாங்க, அதை ஒத்துக்கிறேன். அதைத் தனியாப் பேசலாம், இவருக்குக் கல்யாணம் வருது.

குளச்சல்காரன்:
அப்பா அழுத்திப் பாத்துட்டாரு. இடது பக்கம் மட்டும் தண்ணி வருது.

தென்காத்து:
அப்போ வைப்பர் பக்கத்துல, பானெட்டும் கண்ணாடியும் சேர்ற பள்ளத்தைப் பாருங்க. சருகு அடைச்சிருந்தா வடிகால் வழியாப் போக வேண்டிய தண்ணி உள்ளே இறங்கும். நேர் மேல கூரையில ஆணி அடிச்ச ஓட்டை இருக்கான்னும் பாருங்க.

குளச்சல்காரன்:
மாவிலை நிறைய இருக்காம். கவர்ல அந்த இடத்தை எலி கடிச்சு வச்சிருக்கு.

தென்காத்து:
எலி வந்திருந்தா மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒயரைப் பாக்காம பேட்டரி கொடுக்கவே வேண்டாம். ஏ.சி. ஃபில்டர்லயும் கூடு கட்டியிருக்கும், அதை மாத்திருங்க. பேட்டரி எப்படியும் போயிருக்கும். வண்டி சும்மா நின்னாலும் அலாரம், ரிமோட்டுன்னு 50 மில்லிஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாசம்தான் தாங்கும்.

கார்ப்பெட்டை மேலாகத் துடைச்சா பத்தாது. அடியில இருக்கிற பஞ்சுதான் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், சீட்டைக் கழட்டி அதையும் வெளியே எடுக்கணும். ஆடி வெயில் விட்டு விட்டுத்தான் வரும், அடிக்கும்போது நாலு கதவையும் திறந்து போடுங்க. பூசணத்தைத் துடைக்கும்போது அப்பா மாஸ்க் போட்டுக்கணும். தண்ணி கலந்த வினிகர் போதும், பிளீச்சிங் வேண்டாம், சீட்டு வெளுத்துரும். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து சோப்புத்தண்ணில துடைச்சு, நல்லாக் காஞ்ச பிறகுதான் உள்ளே விடணும்.

பழையவண்டி:
ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தா பின் சக்கரம் பிடிச்சிருக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சு இழுக்க வேண்டாம், மெக்கானிக் பிரேக் டிரம்மைத் தட்டி எடுக்கட்டும். அடுத்த தடவை கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்க.

குளச்சல்காரன்:
பேட்டரி மாத்தியாச்சு. பின் சக்கரம் ஒண்ணு பிடிச்சிருந்துச்சு, தட்டினதும் விட்டுருச்சு. ஒரு ஒயர் கடிபட்டிருந்தது, மாத்திட்டாங்க. கார்ப்பெட் மாடியில காயுது. எல்லாருக்கும் நன்றி.

டிரைவர்தம்பி:
கூரையில ஓட்டை இருந்துச்சா, அடைச்சாச்சா அண்ணே? அதை விட்டுட்டு வண்டியை உள்ளே விடாதீங்க.

கோடைமழை:
இ20 பத்தித் தனி இழை யாராவது போட்டாச்சா?