மரபணு ஊசி, விழித்திரைச் சில்லு: பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கலாமா?

அரசலாறு
ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது ஆர்.பி. உள்ளவர்கள் புதுச் சிகிச்சைக்கான பரிசோதனை என்று வந்தால் தயங்காமல் பெயர் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மாலைக்கண்ணில் தொடங்கிப் பக்கப் பார்வையைத் தின்று, கடைசியில் நடுவில் காசளவு மிஞ்சும் நோய் இது. பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைக் கண்ணுக்குள் விடும் மரபணு ஊசி வேலை செய்ய விழித்திரையில் உயிருள்ள செல் மிச்சம் இருக்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகு மருந்து வந்து யாருக்கு லாபம்? 2017 டிசம்பரில் அமெரிக்கா லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்தை அனுமதித்ததென்றால், அதற்கு முன் சிலர் துணிந்து சோதனைக்குப் படுத்ததால்தான். நம் தஞ்சை, திருவாரூர் பக்கம் அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் நிற்கவில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர அது வழிவிடுகிறது. நமக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு வரும்?

வெண்கோல்
தம்பி, லக்ஸ்டர்னா ஆர்.பி.க்கு மருந்து என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவின், தாய் வழி வந்ததும் தகப்பன் வழி வந்ததுமான இரண்டு படியும் பழுதானவர்களுக்கு மட்டும்தான் அது. விழித்திரையைக் கெடுக்கும் மரபணுக்கள் இருநூறுக்கும் மேல். விலை, அறிவித்தபோதே ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர்.

இன்னொன்று. பிறவியிலேயே பார்வை இல்லாத எங்களில் பலர் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று கேட்கவே இல்லை. தை, மாசியில் இங்கே பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் செங்கல்லை அணைகட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் பிடித்து நடக்கும் வெள்ளைக்கோலில் ஒல்லியான நுனி இருந்தால் நெல்லுக்குள் குத்தி நின்றுவிடும், பிடி வயிற்றில் இடிக்கும். உருளும் நுனி மாட்டி, தூக்கித் தட்டாமல் தரையோடு தேய்த்துப் போனால் நெல்லின் விளிம்பும் கல்லும் கைக்குத் தெரியும். கோல் நெஞ்செலும்பு உயரமாவது இருக்க வேண்டும், வீச்சு தோளைவிடச் சற்று அகலம், இடது கால் வைக்கும்போது நுனி வலப்பக்கம். இதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் எத்தனை ஒன்றியத்தில் இருக்கிறார்? ஆராய்ச்சிக்குக் கைதட்டும் கூட்டம் பயிற்றுநர் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட வராது.

அரசலாறு
டீச்சர், கோலும் வேண்டும், ஊசியும் வேண்டும். ஒன்று வந்தால் இன்னொன்று போகும் என்று யார் சொன்னது? லக்ஸ்டர்னா சோதனையில் அம்புக்குறியும் தடைகளும் வைத்த பாதையில் நடக்கவிட்டார்கள். வெளிச்சத்தை 400 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் வரை குறைத்துக்கொண்டே போவார்கள், எந்த வெளிச்சம் வரை தடுமாறாமல் போகிறார் என்பதுதான் மதிப்பெண். பலர் முன்பைவிடக் குறைந்த வெளிச்சத்தில் நடந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு கைப்பிடி இல்லாத வாய்க்கால் மதகைக் கடப்பவனுக்கு அது சின்ன விஷயமா?

லென்ஸ்மேசை
ஊசி, ஊசி என்றே எழுதுகிறீர்கள். டெட்டனஸ் ஊசி இல்லை இது, அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கூழை முதலில் எடுப்பார்கள். பிறகு விழித்திரைக்கு அடியில் நுண்ணூசி செருகி 0.3 மில்லி மருந்து விடுவார்கள், அங்கே விழித்திரை கொப்புளமாக எழும்பும். மேலே காற்று நிரப்புவார்கள். முதல் 24 மணி நேரம் முடிந்தவரை மல்லாந்து படுக்க வேண்டும். காற்றுக்குமிழ் கரையும் வரை விமானம் கூடாது, கொடைக்கானல், ஊட்டி ஏறக்கூடாது. உயரத்தில் குமிழ் விரிந்து கண் அழுத்தம் எகிறும், இருக்கிற பார்வையும் போகலாம். மூன்று நாள் முன்பே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த நாட்களில் தினம் பார்க்க வேண்டும். புரை விழுதல், அழுத்தம் ஏறுதல், விழித்திரை கிழிதல் எல்லாம் தெரிந்த பக்க விளைவுகள். மருந்து விட்ட இடத்தைச் சுற்றித் திசு தேய்வதும் பிறகு பதிவாகியிருக்கிறது.

அரசலாறு தம்பிக்குத் தனியாக ஒன்று. எந்தச் சோதனை வந்தாலும் என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்பு ஏதாவது மரபணு சிகிச்சை எடுத்தவரைப் பிந்தைய சோதனைகள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவசரப்பட்டு ஏறிய வண்டி அடுத்த வண்டிக்கான டிக்கெட்டைக் கிழித்துவிடும்.

வெண்கோல்
சில்லுக் கதையையும் சொல்லுங்கள் சார். ஆர்கஸ் 2 என்று விழித்திரையில் பொருத்தும் 60 மின்முனைச் சில்லு. 2013ல் அமெரிக்க அனுமதி, ஆர்.பி.க்கென்றே வந்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்தினார்கள். கிடைத்தது முகமோ எழுத்தோ இல்லை, வெளிச்சப் புள்ளிகள். 2019ல் கம்பெனி அதைக் கைவிட்டது. இடுப்பில் மாட்டும் பெட்டி பழுதானால் உதிரி கிடையாது, எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் விவரம் சொல்ல ஆள் கிடையாது. சில்லு மட்டும் கண்ணுக்குள் கிடக்கிறது. மோட்டார் கம்பெனி மூடினால் வேறு மோட்டார் வாங்கலாம், இதற்கு?

அரசலாறு
அதோடு நின்றுவிட்டதா? பிரிமா சில்லின் முடிவு 2025 அக்டோபரில் வெளியானது. 2 மி.மீ. சதுரம், 378 புள்ளி. 38 பேருக்கு வைத்து, ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்துப் படிப்பதில் முன்னேற்றம்.

லென்ஸ்மேசை
வைத்தது வயதானவர்களுக்கு வரும், விழித்திரையின் நடுப்பகுதி கெடும் மாக்குலா தேய்வுக்கு, ஆர்.பி.க்கு இல்லை. படிப்பதும் கேமரா கண்ணாடி மாட்டி, எழுத்தைப் பெரிதாக்கி. அதற்கும் மாதக்கணக்கில் பயிற்சி. சாதனையைக் குறைக்கவில்லை, யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

வெண்கோல்
கண் வந்துவிட்டால் பார்வை வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் எஸ்.பி. என்று ஆய்வில் குறிக்கப்பட்டவருக்கு 52 வயதில் கருவிழி மாற்றினார்கள். தொட்டுப் பழகிய பெரிய எழுத்துகளையும் கடிகாரத்தையும் பார்த்ததும் சொன்னார். முகத்தைப் பார்த்து எதுவும் புரியவில்லை. மனம் உடைந்து 1960ல் இறந்தார்.

அரசலாறு
அவர் கைக்குழந்தையிலேயே பார்வை இழந்தவர். இருபது வயதுவரை பார்த்துவிட்டு இழப்பவனின் மூளை வேறு. பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தியாவிலேயே பிரகாஷ் திட்டத்தில் தாமதமாக அறுவை செய்தார்கள். முதலில் உருவம் பிரிக்கத் திணறியவர்கள் மாதங்கள் போகப் போகத் தேறினார்கள். ஒரே ஒருவரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள் டீச்சர்.

பேரளம் பாசஞ்சர்
சந்தேகம். சோதனையில் சேர்ந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் சதவீதம் குறையுமா? பாஸ், உதவித்தொகை எல்லாம் அதில்தானே தொங்குகிறது. அப்புறம், ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று ஒருவர் கேட்கிறார்.

லென்ஸ்மேசை
சதவீதம் கணக்கிடுவது முக்கியமாக நல்ல கண்ணை வைத்து, ஆனால் மோசமான கண்ணின் பார்வையும் கணக்கில் சேரும். ஆரம்பக் கட்டச் சோதனையில் மருந்து போடுவது பெரும்பாலும் மோசமான கண்ணில். அந்தக் கண்ணின் பார்வை அடுத்த படிக்கு ஏறினால் சதவீதமும் மாறலாம்.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. மருத்துவச் சோதனைகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பட்டியலின் பதிவு எண் கேளுங்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 2015ல் ஃப்ளோரிடாவில் 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டார்கள். மூன்று பெண்களுக்குப் பார்வை கடுமையாகக் கெட்டது. ஒழுங்கான சோதனையில் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொட மாட்டார்கள்.

வெண்கோல்
ஒப்புதல் படிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வாசிக்க முடியாதவர் கையெழுத்திடும்போது சார்பில்லாத சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும், ஆய்வுக்குழு ஆள் சாட்சியாகக் கூடாது. கோப்பை முன்கூட்டியே யூனிகோடில் கேளுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழை, திரையை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் வெறும் ஆங்கில எழுத்தாக உளறும், ஸ்கேன் செய்த தாளில் வாயே திறக்காது. அதைக்கூடத் தர முடியாத இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

அரசலாறு
இதில் டீச்சரோடு சண்டை இல்லை. ஆனால் வரிசையில் நிற்காதே என்பதை ஏற்க மாட்டேன்.

வெண்கோல்
நிற்காதே என்று சொல்லவில்லை தம்பி. எங்களையும் சேர்த்து நிறுத்தாதீர்கள்.

லென்ஸ்மேசை
நிற்பவர்கள் முதலில் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், சில மில்லி ரத்தம் போதும். அப்பா, அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு மரபணுவில் இரண்டு வெவ்வேறு பழுது தெரிந்தால், இரண்டும் ஒரே படியிலா, ஆளுக்கொன்றாக வந்ததா என்பது பெற்றோர் ரத்தத்தில்தான் தெளிவாகும். ரிப்போர்ட்டில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எந்தச் சோதனையிலும் சேர்க்க மாட்டார்கள். ஓரிரு வருடம் கழித்து அதே லேபில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், வகைப்பாடு மாறியிருக்கலாம்.