யாரும் மறுக்காத வாதத்தை நடுவர் என்ன செய்வது?

தென்றல்_வாதி:
பிரிட்டிஷ் பார்லிமென்டரி (பிபி) முறை விவாதப் போட்டிகளில் முடிவு சொல்லும்போது வரும் ஒரு விளக்கம் எனக்கு ஒப்பவே இல்லை. "உங்கள் வாதத்தை யாரும் மறுக்கவில்லை, ஆனால் எங்களுக்கு அது போதவில்லை" என்கிறார்கள். மறுப்பது எதிரணியின் வேலை. அவர்கள் செய்யாததை நடுவர் ஏன் செய்கிறார்? நான் அமெரிக்காவில் என்பிடிஏ என்ற விவாத முறையில் பேசிப் பழகியவன். அங்கே தொடாமல் விட்ட வாதத்தை எதிரணி ஒப்புக்கொண்டதாகவே பெரும்பாலான நடுவர்கள் குறித்துக்கொள்வார்கள். பேச்சாளருக்கு அதுதான் நியாயம்.

மூன்றாம்வரிசை:
இரண்டு அணி மோதும் ஆட்டத்தின் விதி அது. அங்கே கடைசியில் மறுப்புக்கென்றே நான்கு நிமிடமும் ஐந்து நிமிடமும் தனியாக உண்டு. பிபியில் தரப்புக்கு இரண்டாக நான்கு அணி, அணிக்கு இருவர், ஆளுக்கு ஒரே பேச்சு, ஏழு நிமிடம். எல்லாவற்றையும் தொட நேரம் ஏது?

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும். ஓஜி, அதாவது அரசுத் தரப்பின் முதல் அணி, "வீட்டுப்பாடம் ஏழைக் குழந்தைகளைப் பின்தள்ளுகிறது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. அதே தரப்பின் இரண்டாம் அணி சிஜி, டியூஷனுக்குக் காசு இருக்கிற வீடு, ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் அம்மா, மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை என்று காரணத்தைப் படிப்படியாகக் காட்டுகிறது. இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மதிப்பா?

தென்றல்_வாதி:
ஒற்றை வரிக்கு நானும் மதிப்புக் கேட்கவில்லை. காரணத்தோடு சொன்னதையும் தள்ளிவிடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். உலகப் பல்கலைக்கழகப் போட்டியின் கையேடு, நடுவரைச் சாதாரண அறிவுள்ள வாக்காளராக உட்காரச் சொல்கிறது: செய்தித்தாள் படிப்பவர், நிபுணர் அல்ல. ஆனால் பொருளாதாரம் படித்த நடுவர், மேடையில் யாருமே எழுப்பாத ஆட்சேபத்தைத் தானே எழுப்பி வாதத்தைக் கவிழ்க்கிறார். அந்த அணி அதற்கு எப்போது பதில் சொல்லும்?

விங்_நாற்காலி:
தென்றல் சொல்வது நடக்கிறதுதான். ஆனால் நடுவர் குழுவில் உட்கார்ந்து பார்த்தவரை, முதல் பாதி அணிகளுக்கு நடப்பது இன்னும் மோசம். ஓஜி மூன்றாவது பேச்சோடு வாயை மூட வேண்டும். அப்புறம் எதிர்த்தரப்பு பேசும்போது எழுந்து பிஓஐ, அதாவது குறுக்குக் கேள்வி, கேட்கலாம், அவ்வளவுதான். பேசுபவர் கையசைத்து உட்காரச் சொன்னால் அதுவும் போச்சு. கலந்து பேச எங்களுக்குப் பதினைந்து நிமிடம். அப்போது காதில் நிற்பது எட்டாவது பேச்சு. அதனால்தான் நான்கு அணியையும் ஜோடி ஜோடியாக, ஆறு ஜோடியும் குறிப்புத் தாளைப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்கிறேன். நேரம் போதாமல் நாலாம் இடத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டு, முதலிடத்துக்கே மல்லுக்கட்டுகிறோம்.

மூன்றாம்வரிசை:
நிபுணத்தனத்தை உள்ளே கொண்டுவருவது தப்பு, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓஜியையும் சிஜியையும் ஒப்பிடும்போது தென்றலின் விதி என்ன ஆகும்? அவர்கள் ஒரே தரப்பு. ஒருவரை ஒருவர் பிஓஐகூடக் கேட்க முடியாது. சிஜி எதிர்த்துப் பேசினால் நைஃபிங், அதாவது சொந்தத் தரப்பையே குத்துவது, என்று அதற்கே அடி விழும். ஆக, அந்த ஜோடியில் எல்லாமே மறுக்கப்படாத வாதம். யார் எவ்வளவு நிரூபித்தார் என்று எடை போடாமல் முதலிடத்தின் மூன்று புள்ளியை யாருக்குத் தருவது, இரண்டாமிடத்தின் இரண்டை யாருக்குத் தருவது?

தென்றல்_வாதி:
அந்த ஜோடிக்குச் சரி, எடை போட்டுத்தான் ஆக வேண்டும். எதிரெதிர்த் தரப்புக்கு நான் விடமாட்டேன். எதிர்த்தரப்பின் இரண்டாம் அணிக்கு, ஓஜி சொன்ன காரணம் கண்ணெதிரே இருக்கிறது, யோசிக்க நேரமும் அதிகம். அதைத் தாண்டிப் போனால் அதற்கான விலையை அந்த அணிதான் கொடுக்க வேண்டும். ஓஜியைக் கீழே இறக்கும் நடுவர், அவர்கள் காட்டிய காரணத்தில் எந்தப் படி நிற்கவில்லை என்று முடிவு சொல்லும்போது பெயரிட்டுச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் ஓஜி மேலே இருக்க வேண்டும்.