டிசிஎஸ்சி: ஃபயரிங் கோணத்தை எங்கே பூட்டுவது?

இணையாக ஓடும் இரண்டு மின் லைன்கள். ஒன்றின் ரியாக்டன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 60 ஓம், மற்றது 40 ஓம். 1000 மெகாவாட் அனுப்பினால் 400, 600 என்று பிரியும். 40 ஓம் லைனின் வரம்பு 500 என்றால் அதுதான் திணறும், மற்றதில் இடமிருந்தும் பயனில்லை. 60 ஓம் லைனில் தொடராக 20 ஓம் கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸ் சேர்த்தால் அதுவும் 40 ஓமாகக் குறைந்து இரண்டிலும் 500. இதற்குச் சாதாரண கெபாசிட்டரே போதும். லோடுக்கு ஏற்ப அந்த 20 ஓமை நகர்த்த வேண்டுமானால்தான் தைரிஸ்டர், அதாவது பல்ஸ் கொடுத்தால் கடத்தும் மின்னணு சுவிட்ச்: 15 ஓம் கெபாசிட்டர், அதற்கு இணையாக 2.4 ஓம் ரியாக்டரும் தைரிஸ்டர் வால்வும். இதுதான் டிசிஎஸ்சி (TCSC, தைரிஸ்டரால் கட்டுப்படுத்தும் தொடர் கெபாசிட்டர்). வால்வுக்குப் பல்ஸ் கொடுக்கும் தருணமே ஃபயரிங் கோணம்; அதை மாற்றினால் மொத்த ரியாக்டன்ஸ் மாறும்.

* * *

மேலே உள்ள அளவுகளுக்கே கணக்குப் போட்டால், கெபாசிட்டர் மின்னழுத்தத்தின் பூஜ்ஜியத்திலிருந்து அளந்த கோணம் 180 டிகிரியில் 15 ஓம், 156-ல் 20, 150-ல் சுமார் 33, 146-ல் 86. 144-ல் ஒத்ததிர்வு, அதாவது ரியாக்டன்ஸ் கட்டுக்கடங்காமல் எகிறும் இடம். 165 பக்கம் ஒரு டிகிரி பிசகினால் யாருக்கும் தெரியாது. 148 பக்கம் பிசகினால் கெபாசிட்டர் தாங்காது. 50 ஹெர்ட்ஸில் ஒரு டிகிரி என்பது வெறும் 56 மைக்ரோவிநாடி. அதனால் பல்ஸின் நேரத்தை லைன் மின்னோட்டத்தை வைத்துப் பிடியுங்கள்; கெபாசிட்டர் மின்னழுத்தத்தின் அலைவடிவம் நெளிந்திருக்கும். பைபாஸுக்கு, அதாவது வால்வை முழுதாகக் கடத்தவிடும் நிலைக்கு, போகும்போது 144-ஐ ஊர்ந்து கடக்கக் கூடாது, நேராக 90-க்குத் தாவ வேண்டும்.

பலர் கவனிக்காதது: கெபாசிட்டர் யூனிட்டுகளில் சில ஃபியூஸ் போனால் ரியாக்டன்ஸ் ஏறும். 4 சதவீதம் ஏறினாலே ஒத்ததிர்வு 144.7-க்கு, அதாவது நீங்கள் இயக்கும் பக்கமாக நகரும். யூனிட்டுகள் சமநிலை தவறினால் அடிக்கும் அன்பேலன்ஸ் அலாரத்தை மட்டும் ரீசெட் செய்துவிட்டுக் கோண வரம்பை, அதாவது 144 பக்கமாக எதுவரை இறங்கலாம் என்பதை, அப்படியே விட்டால் வம்புதான்.

* * *

அந்தக் கோண வரம்பு, ஃபால்ட் வந்தால் லைனைத் துண்டிக்கும் ரிலேக்களை அமைக்கும் ஆட்களுக்கும் வேண்டும். டிஸ்டன்ஸ் ரிலே ஃபால்ட்டின் தூரத்தை ஓமில் அளக்கும்; முதல் மண்டலத்துக்குள் தெரிந்தால் உடனே டிரிப். 60 ஓமில் 80 சதவீதம் என்று அந்த மண்டலத்தை 48-ல் வைத்திருந்தால், 20 ஓம் சேர்ந்ததும் லைனின் மறுமுனை 40 ஓமில் தெரியும். அடுத்த லைனின் ஃபால்ட்டுக்கு இது டிரிப் ஆகும். ஃபால்ட்டின்போது கெபாசிட்டரை மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்கும் வேரிஸ்டர் கடத்தி, வால்வும் பைபாஸுக்குப் போய்விடுமே என்பார்கள். பக்கத்து ஃபால்ட்டுக்குச் சரி. தூரத்து ஃபால்ட்டில் மின்னோட்டம் குறைவு, வேரிஸ்டர் அசையாது. கட்டுப்பாட்டுக் கருவி தற்காலிகமாக 150 டிகிரி வரை போகலாம் என்றால் மறுமுனை 27 ஓமில் தெரியும், முதல் மண்டலம் 22-க்கு மேல் போகக் கூடாது. மிச்சத்தை லைனின் இரு முனை மின்னோட்டங்களை ஒப்பிடும் லைன் டிஃபரன்ஷியல் ரிலே பார்த்துக்கொள்ளட்டும். கெபாசிட்டருக்கு ஒட்டிய ஃபால்ட்டில் மின்னழுத்தம் தலைகீழாகத் தெரிவது தனித் தலைவலி. அதற்கு மெமரி போலரைசேஷன் வேண்டும், அதாவது ஃபால்ட்டுக்கு முந்தைய மின்னழுத்தத்தை நினைவில் வைத்துத் திசை பார்ப்பது.

* * *

இதுவரை பேசியது கோணத்தின் கீழ் வரம்பை மட்டும். டர்பைன் ஜெனரேட்டர் அருகில் இருந்தால் 180-ம் பாதுகாப்பான இடமில்லை. அங்கே வால்வு கடத்தாது, அது வெறும் கெபாசிட்டர். லைன் ரியாக்டன்ஸில் மூன்றில் ஒரு பங்கு கெபாசிட்டர் என்றால், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ரியாக்டன்ஸைச் சேர்க்காமல், 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஒத்ததிர்வு 29 ஹெர்ட்ஸ். ரோட்டருக்கு அது 21 ஹெர்ட்ஸாகத் தெரியும். தண்டின் முறுக்கு அதிர்வெண் அங்கே விழுந்தால் தண்டே போகும். 1970-லும் 1971-லும் அமெரிக்காவின் மொஹாவே நிலையத்தில் சாதாரணத் தொடர் கெபாசிட்டரோடு நடந்தது இதுதான். வால்வு கொஞ்சம் கடத்திக்கொண்டே இருந்தால் அந்தத் தாழ் அதிர்வெண்களில் டிசிஎஸ்சி கெபாசிட்டர்போல நடந்துகொள்வது குறையும். அதனால் கீழே மட்டுமல்ல, மேலேயும் பூட்டுங்கள்.